எந்தச் சொல்லுக்கு இந்த அடை?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடித்துப் பிரித்த செட்டிநாட்டு வீடுகளின் மரமும் இரும்பும் கண்ணாடியும் விலைக்கு வருகின்றன. பர்மா தேக்குத் தூண், நிலை, கதவு, எனாமல் அடுக்கு என்று எல்லாம் உண்டு. அங்கே ஒரு பொருளைக் காட்டி 'பழைய வீட்டுக் கதவு' என்று சொன்னால் 'பழைய' என்ற சொல் எதைச் சாரும்? வீட்டையா, கதவையா? நூறாண்டு கண்ட வீட்டிலிருந்து பெயர்த்து வந்த கதவு, நடுவில் யாரோ மாற்றிப் பொருத்திய புதுக் கதவாகவும் இருக்கலாம். வீட்டுக் கதவுகளில் பழையது என்று கொண்டால், வீட்டின் வயது எதுவானாலும் கதவுக்கு வயது ஆகியிருக்க வேண்டும். விலை பேசும் இடத்தில் இந்த இரண்டும் ஒன்றல்ல. ஆனால் தொடரில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. வல்லினம் மிகுவதும் மிகாததும் இரண்டு பொருளிலும் ஒன்றே. ஒரு பெயரையோ வினையையோ விளக்க வரும் சொல்லை அடை என்கிறோம். அந்த அடை எதைப் பற்றிக்கொள்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. 'பக்கத்தில் எது இருக்கிறதோ அதை' என்பதுதான் பலருக்கும் உடனே தோன்றும் விடை. அது மொழியின் சட்டமன்று, உழைப்பைக் குறைத்துக்கொள்ள மனம் கைக்கொண்ட பழக்கம் என்பதே இங்கே நான் நிறுவ விரும்புவது. ஆங்கில வாக்கியங்களைப் படிக்கும்போது அந்தப் பழக்கத்தைச் சட்டமாக எடுத்துக்கொள்வதால்தான் நம் மாணவர்களில் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் சிக்கலின் அளவைப் பார்த்துவிடலாம். மூன்று சொல் கொண்ட 'பழைய வீட்டுக் கதவு' இரண்டு விதமாகப் பிரியும். சொற்களை ஒவ்வொன்றாகக் கூட்டினால் பிரிக்கும் வழிகள் ஒவ்வொன்றாகக் கூடுவதில்லை. நான்கு சொல்லுக்கு 5, ஐந்து சொல்லுக்கு 14, ஆறு சொல்லுக்கு 42, ஏழு சொல்லுக்கு 132 என்று பாய்கின்றன. இந்த எண்வரிசைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு பெல்ஜியக் கணிதவியலாளர் யூஜீன் கத்தலானின் பெயரை வைத்திருக்கிறார்கள். 'பழைய செட்டிநாட்டு வீட்டுத் தேக்குக் கதவு' என்பதைப் படிக்கும்போது அதற்குள் பதினான்கு அமைப்புகள் அடங்கியிருப்பது நமக்குத் தெரிவதே இல்லை. 'வீட்டுத் தேக்கு' என்று ஒரு மரவகை இருப்பதுபோலப் பொருள் தரும் பிரிப்பும் அவற்றுள் ஒன்று. மனம் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. 1982-இல் கென்னத் சர்ச், ரமேஷ் பாட்டீல் இருவரும் ஆங்கில வாக்கியத்தின் இறுதியில் 'வித்', 'இன்', 'ஆன்' போன்ற முன்னிடைச்சொற்களோடு தொடங்கும் தொடர்கள் அடுக்கி வந்தால் இதே எண்வரிசை தோன்றும் என்று காட்டினார்கள். வினையும் செயப்படுபொருளும் அமைந்தபின் அப்படி ஒரு தொடர் வந்தால் இரண்டு அமைப்பு, இரண்டு வந்தால் ஐந்து, மூன்று வந்தால் பதினான்கு. நாளிதழ்ச் செய்தியில் மூன்று அடுக்கு வருவது சாதாரணம். அப்படியானால் வாசிப்பவரின் மனம் ஒவ்வொரு வரியிலும் பல அமைப்புகளைத் தள்ளி ஒன்றைத் தேர்கிறது. எந்த அடிப்படையில் தேர்கிறது என்பதைத்தான் அறிய வேண்டும்.

எண்ணிக்கையில் தமிழும் ஆங்கிலமும் சமம். வேறுபடுவது திசை. தமிழில் அடை முன்னால் வந்து நிற்கும், அது தழுவும் சொல் பின்னால் வரும். 'நேற்று ஊரிலிருந்து வந்த' என்று கேட்டவுடன், இனி வரப்போகும் ஒரு பெயருக்காகக் காத்திருக்கிறோம். ஆங்கிலம் சின்ன அடைகளை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு, நீண்டவற்றையெல்லாம் பின்னால் தள்ளிவிடும். பெயரும் வினையும் கடந்து போனபிறகு அடை வருகிறது. ஆகவே படிப்பவர் திரும்பிப் பார்த்து, கடந்துபோனவற்றுள் எதற்கு இது உரியது என்று தேட வேண்டும். காரைக்குடியிலேயே இதற்கு இடம் காட்டலாம். வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நிலக்கொடையாலும் பொருட்கொடையாலும் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. மின்வேதியியல் கட்டுரைகளில் வரத்தக்க ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொல்வரிசையை அப்படியே தமிழில் வைத்தால் அது இப்படி இருக்கும்: மின்முனைகள், ஆக்சைடு பூசப்பட்ட, 400 டிகிரியில் தயாரிக்கப்பட்ட. நானூறு டிகிரி வெப்பத்தைக் கண்டது ஆக்சைடுத் தூளா, பூசி முடித்த மின்முனையா? ஆங்கிலத்தில் 'தயாரிக்கப்பட்ட' என்பதற்கு ஒருமை பன்மை வேறுபாடு இல்லாததால் இலக்கணம் இங்கே கைகொடுக்காது. முதல் பொருளைக் கொண்ட மாணவர் தூளை மட்டும் உலையில் வைப்பார். இரண்டாம் பொருளைக் கொண்டவர் மின்முனையையே வைப்பார். இருவருக்கும் கிடைக்கும் பரப்பு வேறு, அளவீடுகளும் வேறு.

பள்ளியில் நாம் கற்ற விதி இங்கே எவ்வளவு உதவும்? ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் பல தலைமுறைகளாக நம் வகுப்பறைகளில் இருக்கிறது. தொடர்பு காட்டும் 'ஹூ', 'விச்' போன்ற சொற்களை அவை குறிக்கும் பெயருக்கு இயன்றவரை அருகில் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல அறிவுரை. ஆனால் அது எழுதுபவருக்குச் சொன்னது. 'அருகில் வை' என்ற கட்டளையை 'அருகில் இருப்பதுதான்' என்ற உண்மையாக மாற்றிப் படிப்பவர் கையில் கொடுத்துவிட்டோம். எழுதியவர் அந்த அறிவுரையைக் கேட்டாரா என்பது படிப்பவருக்குத் தெரியாது. பல நேரம் கேட்கவும் முடியாது. ஒரு பெயருக்கு இரண்டு பின்னடைகள் இருந்தால் இரண்டும் அதன் அருகிலேயே நிற்க முடியுமா? ஒன்று தள்ளித்தான் நிற்க வேண்டும்.

இந்த விதி எத்தனை முறை சரி என்பதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் வாக்கியங்களிலிருந்து வினை, பெயர், முன்னிடைச்சொல், அதன்பின் வரும் பெயர் என்ற நான்கையும் பிரித்தெடுத்துத் தொகுத்தார்கள். முன்னிடைத் தொடர் வினைக்கு உரியதா, பெயருக்கு உரியதா என்பது கேள்வி. இந்த வரிசையில் பெயர்தான் அருகில் இருக்கிறது. ஆகவே 'எப்போதும் பெயருக்கே' என்று கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்வது அருகாமை விதியைப் பின்பற்றுவதாகும். அந்தத் தொகுப்பில் அப்படிச் சொன்னால் கிடைக்கும் வெற்றி 59 விழுக்காடுதான். நாணயத்தைச் சுண்டிவிட்டாலே 50 கிடைக்கும். எந்த முன்னிடைச்சொல் என்பதை மட்டும் பார்த்து, அதற்கு வழக்கமாக எது பொருந்துமோ அதைச் சொன்னால் 72 ஆகிறது. நான்கு சொற்களை மட்டும் மனிதர்களிடம் காட்டினால் 88, முழு வாக்கியத்தையும் காட்டினால் 93. இடத்தால் மட்டும் கிடைப்பது 59, சொற்களின் பொருளைக் கேட்டால் 88, சூழலையும் சேர்த்தால் 93. அருகாமை பொய் என்று இந்த எண்கள் சொல்லவில்லை. அது பல சான்றுகளுள் ஒன்று, அதுவும் மெலிந்த ஒன்று என்றே சொல்கின்றன. முழு வாக்கியத்தையும் பார்த்த மனிதர்களே நூற்றுக்கு ஏழு இடங்களில் மாறுபட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சில வாக்கியங்களில் ஐயம் படிப்பவரின் குறையால் வருவதில்லை, வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

அப்படியானால் அருகாமை நம்மை ஏன் இவ்வளவு இழுக்கிறது? 1978-இல் லின் ஃப்ரேசியர், ஜேனட் ஃபோடர் இருவரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மனத்தின் நினைவுக் கொள்ளளவு சிறியது. வாக்கியம் வர வர அதைச் சிறு கட்டுகளாகக் கட்டி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாக வரும் சொல்லை இப்போது கட்டிக்கொண்டிருக்கும் தொடரோடு சேர்ப்பதுதான் உழைப்பு குறைவு. ஏற்கெனவே கட்டிவைத்ததை அவிழ்ப்பதற்குச் செலவு கூடும். இது உண்மையானால் உலகின் எல்லா மொழிக்காரர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நினைவின் கொள்ளளவு மொழிக்கு மொழி மாறாது. 1988-இல் ஃபெர்னாந்தோ குவெத்தோஸ், டான் மிச்செல் இருவரும் இதைச் சோதித்தார்கள். யாரோ ஒருவர் நடிகையின் பணியாளைச் சுட்டார், மாடத்தில் இருந்தவர் யார்? ஆங்கிலச் சொல்வரிசையில் பணியாள் முதலில், நடிகை அடுத்து, 'மாடத்தில் இருந்த' என்பது கடைசி. ஸ்பானிய மொழியிலும் இதே வரிசைதான். ஆங்கிலம் பேசுவோரில் பெரும்பாலோர் அருகில் உள்ள நடிகையை மாடத்தில் வைத்தார்கள். ஸ்பானியர் பெரும்பாலும் தொலைவில் உள்ள பணியாளை வைத்தார்கள். வரிசை ஒன்று, தூரம் ஒன்று, தீர்ப்பு வேறு. ஆகவே அருகாமை மனித மூளையில் அடித்துவைத்த ஆணியாக இருக்க முடியாது.

தமிழைப் போல அடையை முன்னால் வைக்கும் ஜப்பானிய மொழியில் கிடைத்த முடிவு நமக்கு இன்னும் நெருக்கமானது. 'மாடத்தில் இருந்த நடிகையின் பணியாள்' என்ற நம் வரிசையே அங்கும். 1997-இல் யூகி காமிடேயும் மிச்செலும் கண்டது இது: வாசகர்கள் முதலில் வரும் நடிகையோடு அடையைச் சேர்க்கிறார்கள். அடுத்த பெயர் வந்ததும் பலர் அதைப் பெயர்த்து, பணியாளுக்கு மாற்றுகிறார்கள். முதல் சேர்க்கை தற்காலிகமானது, வேறு எதுவும் கைக்கு வராத வேளையில் செய்த ஏற்பாடு. ஃபோடரே பின்னாளில் இன்னொரு காரணத்தையும் முன்வைத்தார். வாய் திறக்காமல் படிக்கும்போதும் மனத்துக்குள் குரல் ஓடுகிறது, அந்தக் குரல் எங்கே நிறுத்துகிறதோ அதைப் பொறுத்து அடை சேரும் இடம் மாறுகிறது என்றார். 'பழைய' என்று சொல்லிச் சற்றே நிறுத்தி 'வீட்டுக் கதவு' என்றால் பழையது கதவு. 'பழைய வீட்டு' என்று ஒரே மூச்சில் சொல்லி நிறுத்தினால் பழையது வீடு. எழுத்து தொலைத்துவிட்ட இந்த நிறுத்தத்தை வாசகர் தம் மொழியின் தாளத்தைக் கொண்டு தாமே இட்டுக்கொள்கிறார். ஆங்கிலத் தாளம் பழகாதவர் நிறுத்தத்தை வேறிடத்தில் இடுவதில் வியப்பில்லை.

கண்முன் இருக்கும் உலகமும் இந்தத் தேர்வில் பங்கெடுக்கிறது. 1995-இல் மைக்கேல் டானன்ஹாஸும் அவருடைய குழுவினரும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனையை இத்துறையின் திருப்புமுனைகளுள் ஒன்றாகக் கருதுகிறேன். மேசைமேல் பொருள்களை வைத்து, ஆப்பிளைத் துண்டின்மேல் பெட்டிக்குள் வை என்று பொருள்படும் ஆங்கிலக் கட்டளையைச் சொல்லி, கேட்பவரின் கண் எங்கே போகிறது என்று கருவியால் பதிவு செய்தார்கள். 'துண்டின்மேல்' என்பது துண்டின்மேல் இருக்கும் ஆப்பிளா, துண்டின்மேல் வைப்பதா? ஒரே ஓர் ஆப்பிள் இருந்தபோது பலருடைய கண் வெறும் துண்டு ஒன்றை நோக்கி ஓடி, பிறகு திரும்பியது. இரண்டு ஆப்பிள்களை வைத்து, ஒன்று துண்டின்மேலும் மற்றொன்று வேறிடத்திலும் இருந்தபோது கண் அப்படித் தவறவில்லை. 'எந்த ஆப்பிள்' என்ற கேள்வி எழுந்துவிட்டதால் 'துண்டின்மேல்' என்பது உடனே ஆப்பிளுக்கு அடையாகிவிட்டது. சொற்கள் மாறவில்லை, மேசை மாறியது. ஜான் ட்ரூஸ்வெல் குழுவினர் 1999-இல் இதேபோன்ற சோதனையை ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தியபோது, குழந்தைகள் மேசையைக் கணக்கில் கொள்ளவில்லை. முதலில் பிடித்த பொருளை விடாமல் பொம்மையைத் தவறான இடத்தில் வைத்தார்கள். சூழலைக் கொண்டு அடையைத் திருத்தும் திறன் வளர்ந்து வருவது என்பதற்கு இது சான்று. தாய்மொழியிலேயே வளர வேண்டிய திறன் என்றால், இரண்டாம் மொழியில் அதைத் தனியே பழக்கித்தான் ஆக வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் பிழை நேர்ந்தால் ஆப்பிள் இடம் மாறும். நீதிமன்றத்தில் உயிரே போகலாம். அயர்லாந்து விடுதலைக்காக ஜெர்மனியில் முயன்ற ரோஜர் கேஸ்மென்ட்மீது 1916-இல் லண்டனில் அரசத் துரோக வழக்கு நடந்தது. 1351-ஆம் ஆண்டுச் சட்டம், மன்னரின் எதிரிகளோடு நாட்டுக்குள் சேர்ந்து, அவர்களுக்கு உதவியும் ஆறுதலும் தருவதைக் குற்றம் என்று சொல்லி, 'நாட்டுக்குள் அல்லது வேறிடத்தில்' என்று முடிகிறது. கேஸ்மென்ட் செய்ததாகச் சொல்லப்பட்டவை ஜெர்மனியில் நடந்தவை. 'வேறிடத்தில்' என்பது பக்கத்தில் உள்ள 'உதவி தருதல்' என்பதோடு நின்றுவிட்டால் எதிரியோடு சேர்வது நாட்டுக்குள்தான் நடந்திருக்க வேண்டும், அவரைத் தண்டிக்க வழியில்லை என்பது அவருடைய வழக்கறிஞரின் வாதம். முன்னால் உள்ள 'எதிரிகளோடு சேர்தல்' வரை அது எட்டும் என்றால் குற்றம் உறுதி. எட்டும் என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. மேல்முறையீடும் தள்ளுபடியாகி, 1916 ஆகஸ்ட் 3 அன்று கேஸ்மென்ட் தூக்கிலிடப்பட்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும்: சட்டத்துறைக்கு இதற்கென்றே விதி இருக்கிறதே, இறுதியில் வரும் அடை அதற்கு உடனே முன்னால் நிற்கும் சொல்லையே தழுவும் என்று நூல்கள் சொல்கின்றனவே என்பார்கள். விதி இருப்பது உண்மை. ஆனால் அதற்கு எதிர்விதியும் இருக்கிறது, ஒரே சீராக அடுக்கிய சொற்களின் இறுதியில் வரும் அடை எல்லாவற்றையும் தழுவும் என்று. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016-இல் லாக்ஹார்ட் வழக்கில், மூன்று குற்றவகைகளை அடுக்கி இறுதியில் 'சிறார் தொடர்பான' என்ற பொருளில் வந்த அடை கடைசிக் குற்றத்தை மட்டுமே தழுவும் என்று ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சோனியா சோட்டோமேயர். 2021-இல் ஃபேஸ்புக்கும் டுகுயிடும் மோதிய வழக்கில், தொலைபேசி எண்களைச் 'சேமிக்க அல்லது உருவாக்க' என்பதன்பின் வந்த 'எண் உருவாக்கியைக் கொண்டு' என்ற தொடர் இரண்டு வினைகளையும் தழுவும் என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது. எழுதியவர் அதே சோட்டோமேயர். ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே பேனா இரண்டு திசையில் சென்றதை முரண்பாடு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாக்கியங்களின் உள்ளமைப்பு வேறு, சட்டத்தின் நோக்கம் வேறு. இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும் என்றால், விதி தீர்ப்பைத் தருவதில்லை, வாதத்தைத் தொடங்கிவைக்கிறது, அவ்வளவுதான்.

காற்புள்ளி இட்டால் தீர்ந்துவிடாதா என்பது அடுத்த மறுப்பு. நன்றாக எழுதப்பட்ட ஆங்கிலத்தில் காற்புள்ளி உதவும், டுகுயிட் வழக்கிலேயே அடைக்கு முன் இருந்த காற்புள்ளி ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் அதன்மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற முடியாது. கேஸ்மென்ட் வழக்கில் நீதிபதிகள் ஆவணக் காப்பகத்துக்கே சென்று பழைய தோல்சுவடியில் நிறுத்தக்குறி இருக்கிறதா என்று தேடினார்கள். ஏறத்தாழ அறுநூறு ஆண்டுக்கு முந்தைய நார்மன் பிரெஞ்சு எழுத்தில் இருந்த கோடு எழுதியவர் இட்டதா, மடிப்பில் விழுந்ததா என்பதையெல்லாம் ஆராய வேண்டியிருந்தது. நம் உச்ச நீதிமன்றத்தில் 1952-இல் அசுவினி குமார் கோஷ் வழக்கில் நீதிபதி பி.கே. முகர்ஜி, சட்டத்துக்குப் பொருள் காண்பதில் நிறுத்தக்குறி சிறிய கூறுதான் என்று கருத்துரைத்தார். அது சரியான நிலைப்பாடு. குறியை இட்டவர் பொருளை அறிந்து இட்டார் என்பதற்கு வேறு சான்று இருந்தால்தான் குறிக்கு மதிப்பு.

அருகில் ஒரே சொல் இருந்து, தொலைவில் வேறெதுவும் போட்டியிடாத இடத்தில்கூட ஐயம் எழும் என்பதற்குச் செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் வழக்கே சான்று. நகரத்தார் கொண்டுவிற்கப் போன நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அங்கே தொழில் நடத்திய அருணாசலம் செட்டியாரின் மகன் 1934-இலும், அவர் 1938-இலும் காலமானார்கள். இறந்தவர் சொத்தின்மீது இலங்கை அரசு வரி கேட்டது. பிரிக்கப்படாத இந்துக் குடும்பத்தின் கூட்டுச் சொத்துக்கு அந்த வரிச் சட்டம் விலக்கு தந்தது. மகன் போனபின் ஆண் பங்காளி ஒருவர்தான் மிச்சம். ஒருவர் கையில் இருப்பது எப்படிக் கூட்டுச் சொத்தாகும்? 'கூட்டு' என்ற அடை சொத்தின் அருகில்தான் நிற்கிறது. ஆனால் அது பங்காளிகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறதா, அந்தச் சொத்தை உடைய குடும்பத்தின் இயல்பைக் குறிக்கிறதா? 1957-இல் லண்டன் பிரிவி கவுன்சில், கைம்பெண்கள் இருக்கும்வரை, சுவீகாரம் எடுத்து வம்சத்தைத் தொடரக்கூடிய அந்தக் குடும்பம் பிரிக்கப்படாத குடும்பமாகவே இருக்கிறது, சொத்தும் அதன் கூட்டுச் சொத்தே என்று முடிவு செய்தது. அந்த வீட்டு ஆச்சிமார்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் 'கூட்டு' என்ற சொல்லுக்கு அங்கே இடம் கிடைக்கிறது. குடும்பம் என்றால் என்ன என்ற அறிவு இல்லாமல், சொல்லின் இருப்பிடத்தை மட்டும் வைத்து இதைத் தீர்த்திருக்க முடியாது.

நம் இலக்கணிகள் இந்த இடத்தில் எவ்வளவு தெளிவாக இருந்தார்கள் என்பதை எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். பெயரெச்சத்துக்கும் அது கொள்ளும் பெயருக்கும் நடுவில், வினையெச்சத்துக்கும் அது கொள்ளும் வினைக்கும் நடுவில், பொருளுக்குப் பொருந்தும் வேறு சொல் வரலாம் என்று தொல்காப்பிய வினையியல் இடம் தருகிறது. இடைப்பிறவரல் என்று அதற்குப் பெயர். 'காய்த்த கொல்லைப்புறத்து மாமரம்' என்றால் காய்த்தது கொல்லைப்புறம் என்று யாரும் கொள்வதில்லை. அடை தன் பக்கத்துச் சொல்லைத் தாண்டிச் செல்கிறது, நடுவில் நிற்பது பொருளைக் கெடுக்காத சொல் என்பதே அதற்கு நிபந்தனை. அருகாமையை அல்லாமல் பொருத்தத்தையே அளவுகோலாக வைத்த விதி இது. எச்சவியல் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என்று நால்வகைப் பொருள்கோளைச் சொல்ல, நன்னூல் அதை எட்டாக விரிக்கிறது. அவற்றுள் தாப்பிசை நம் பொருளுக்கு நேராக வருவது. நடுவில் நின்ற சொல் ஊசல்போல முன்னும் பின்னும் சென்று இருபுறமும் பொருள் தருவது அது. ஒரே இடத்தில் நின்ற சொல் விளக்கைப்போலப் பல தொடர்களுக்கு ஒளி தருவதைத் தண்டியலங்காரம் தீவகம் என்கிறது. அது முதலில், இடையில், கடையில் நிற்கும் மூன்று நிலைகளையும் பிரித்துக் காட்டுகிறது. கேஸ்மென்ட்டின் 'வேறிடத்தில்' கடைநிலைத் தீவகமா என்பதுதான் லண்டனில் நடந்த வாதம் என்று ஒரு தமிழ் மாணவருக்குச் சொன்னால் உடனே புரியும். செய்யுளுக்குச் சொன்னதை உரைநடைக்கும் ஆங்கிலத்துக்கும் பொருத்தலாமா என்று கேட்கலாம். அணியாக்கும் நோக்கம் செய்யுளுக்கு உரியது. ஆனால் ஒரு சொல்லின் ஆட்சி எதுவரை செல்லும் என்று கேட்டுப் பழகும் முறை எல்லா வாக்கியத்துக்கும் உரியது. காரைக்குடி அழகப்பா கல்லூரியில் முதல்வராக இருந்த வ.சுப. மாணிக்கம் போன்றோர் தொல்காப்பியத்தை வாழும் சிந்தனையாகக் கற்பித்த மண் இது. அந்தப் பயிற்சியை ஆங்கில வகுப்பு தனக்கு வெளியே வைத்திருப்பது பெரிய இழப்பு.

வேற்றுமை உருபும் எச்ச ஈறும் உள்ள தமிழில் இந்தக் குழப்பமே எழாது என்று பெருமையோடு சொல்பவர்களும் உண்டு. பாதி உண்மை. ஆங்கிலத்தில் 'தொலைநோக்கியுடன் சிறுவனைப் பார்த்தேன்' என்பதற்கு இணையான வாக்கியம் இரண்டு பொருள் தரும். தமிழில் 'தொலைநோக்கியால் பார்த்தேன்', 'தொலைநோக்கி வைத்திருந்த சிறுவனைப் பார்த்தேன்' என்று வடிவமே பிரித்துவிடும். அடை வினைக்கு உரியதா, பெயருக்கு உரியதா என்பதைத் தமிழ் சொல்லின் ஈற்றிலேயே எழுதிவைக்கிறது. வரப்போவது பெயர் என்று தெரிந்தபின், வரும் பல பெயர்களுள் எது என்பதில் தமிழும் மௌனமாகிவிடும், பழைய வீடும் பழைய கதவும் அப்படி வந்தவைதான். ஆங்கிலத்தில் 'முதிய ஆண்களும் பெண்களும்' என்பதில் உள்ள ஐயம் தமிழிலும் அப்படியே இருக்கிறது. இதிலிருந்து தமிழ் மாணவருக்கு எங்கே உதவி தேவை என்பது தெளிவாகிறது. தாய்மொழி ஈற்றில் தந்துவிடும் அந்தப் பாதிச் செய்தியை ஆங்கிலத்தில் அவரே தேட வேண்டும். பெயருக்கா வினைக்கா என்பதே அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தப் பெயருக்கு என்பது அடுத்தது.

அருகாமை பிழையின்றி வேலை செய்யும் இடங்களும் இருக்கின்றன. நகரத்தார் விலாசம் அப்படி ஒன்று. கே.வி.ஏ.எல்.ஆர்.எம். அழகப்பச் செட்டியார் என்பதில் பெயருக்கு ஒட்டி நிற்கும் ஆர்.எம். தந்தை ராமநாதன், அதற்கு முன்னது அவருடைய தந்தை என்று ஒவ்வொரு குறியும் அடுத்ததையே தழுவிப் பின்னோக்கிச் செல்லும். யாருக்கும் ஐயம் வராது. ஆனால் அங்கே அருகாமைக்கு அதிகாரம் தந்தது அந்தச் சமூகத்தின் உடன்பாடு. வரிசை மாறாது என்ற வாக்குறுதியை எல்லோரும் காப்பாற்றுவதால் அது நிற்கிறது. ஆங்கில உரைநடைக்கு அப்படி ஓர் உடன்பாடு கிடையாது.

எல்லாவற்றையும் சூழல் தீர்த்துவிடும், இவ்வளவு ஆராய வேண்டுமா என்பது கடைசி மறுப்பு. பழகிய துறையில் பெரும்பாலும் தீர்த்துவிடும். புதியதைக் கற்கும்போதுதான் சூழலறிவு இருக்காது. துறையை நன்கறிந்த ஆய்வாளர் மின்முனை வாக்கியத்தின் பொருளை வழக்கத்தைக் கொண்டு ஊகிப்பார், முதலாண்டு மாணவருக்கு அந்த வழக்கம் தெரியாது, அதை அறிந்துகொள்ளத்தான் அவர் அந்தக் கட்டுரையைப் படிக்கிறார். ஆகவே ஒரு நடைமுறையைப் பரிந்துரைக்கிறேன். அடையைக் கண்டதும் அதற்கு முன்னால் உள்ள பெயர், வினை எல்லாவற்றையும் வேட்பாளர்களாகக் குறித்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றோடும் சேர்த்துத் தமிழில் ஒரு முழு வாக்கியம் எழுதட்டும். தமிழின் எச்ச ஈறுகள் அவரை முடிவெடுக்கக் கட்டாயப்படுத்தும், மங்கலாக நழுவ விடாது. எழுதியவற்றில் எது உலகத்தில் நடக்கக்கூடியது, எது அந்தப் பத்தியில் முன்பு சொன்னதற்கு இசைவது என்று பார்த்து மற்றவற்றை அடிக்கட்டும். ஒன்றே மிஞ்சினால் வேலை முடிந்தது. இரண்டு மிஞ்சினால், அந்த இடத்தில் வாக்கியம் உண்மையிலேயே இரண்டாகப் பிரிகிறது என்று பக்கத்தில் குறித்துவைத்து, கட்டுரையின் செய்முறைப் பகுதியையோ அட்டவணையையோ பார்க்க வேண்டும். அங்கும் விடை இல்லையென்றால் எழுதியவருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பவருக்கும் இதே வழிதான்.